வளர்ச்சிச் சோதனை: குழந்தைக்கு என்ன லாபம், குடும்பத்துக்கு என்ன செலவு

திருவனந்தபுரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய ஒரு அட்டவணை இருக்கிறது. பிறந்ததிலிருந்து 2 வயது வரைக்கும் 17 செயல்கள். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புறக் கவிழ்வது, பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது, சப்பாணி கொட்டுவது, தானாக நடப்பது, இரண்டு வார்த்தை சொல்வது என்று வரிசை போகும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. பட்டையின் வலது முனை, 100 குழந்தைகளில் 97 பேர் அதைச் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக அடங்கிவிட்ட பட்டைகள் எல்லாவற்றையும் குழந்தை செய்தாக வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மேற்கொண்டு பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். சோதனை அவ்வளவுதான், 5 முதல் 7 நிமிடம். அங்கன்வாடிப் பணியாளரே செய்யலாம். ஒரு கிலுகிலுப்பை, ஒரு பந்து, ஒரு பொம்மை, ஒரு பென்சில் போதும்.

இவ்வளவு மலிவான சோதனைக்குச் செலவுக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். தாளில் ‘சந்தேகம்’ என்று எழுதிய நிமிடத்திலிருந்துதான் செலவு ஓட ஆரம்பிக்கிறது. பேருந்துக் கட்டணம், இழந்த நாள் கூலி, மாமியார் வீட்டுப் பேச்சு, தூக்கம் கெட்ட இரவுகள், தனியார் தெரபி மையத்தின் முன்பணம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். லாபமும் அதே நிமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த மூன்று நான்கு வாரங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து லாபமோ நட்டமோ முடிவாகும்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை. மேலே சொன்ன அட்டவணையை 1991-ல் சரிபார்த்தபோது, உண்மையில் தாமதம் இருந்த குழந்தைகளில் 66.7% பேரை அது பிடித்தது. தாமதம் இல்லாதவர்களில் 78.8% பேரைச் சரியாக விட்டது. ஒரு வட்டாரத்தில் 1,000 குழந்தைகளைச் சோதிக்கிறோம், அவர்களில் 50 பேருக்கு உண்மையான தாமதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 பேர் பிடிபடுவார்கள், 17 பேர் நழுவிவிடுவார்கள். தாமதமே இல்லாத 950 பேரில் 201 பேருக்கும் ‘சந்தேகம்’ என்று சீட்டு போகும். மொத்தம் 234 சீட்டுகள். அதாவது சீட்டு வாங்கிய 7 குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்குத்தான் பிரச்சினை உறுதியாகும். இதுபோன்ற சோதனை எதுவுமே ஒரு சல்லடைதான். கல் கொஞ்சம் கீழே போகும், நெல்லும் கொஞ்சம் மேலே நிற்கும்.

இந்தக் கணக்கிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. சீட்டு வந்தால் அது நோயின் பெயரல்ல. அடுத்த பரிசோதனைக்கான நுழைவுச்சீட்டு. சீட்டு வராவிட்டால் ‘நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்க’ என்று அடுத்த மூன்று வருடத்துக்கு மறந்துவிடவும் கூடாது. நழுவிய அந்த 17 பேரின் வீடுகளில் இந்த ஆறுதல்தான் ஆபத்து. அதனால்தான் ஒரே தடவையோடு நிறுத்தாமல் 9 முதல் 12 மாதத்தில் ஒரு முறை, 18 முதல் 24 மாதத்தில் ஒரு முறை, பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு முறை என்று திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள் இந்தியக் குழந்தை மருத்துவர்கள். இந்த மூன்றும் தடுப்பூசித் தேதிகளோடு அழகாகப் பொருந்தும்: 9 மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, 16 முதல் 24 மாத பூஸ்டர், 5 வயது பூஸ்டர். தனியாக ஒரு நாள் லீவு போட வேண்டாம். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போதே கேட்டுவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, ஊசிக்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்டு அழுதுகொண்டிருக்கும் குழந்தை யார் முகத்தையும் பார்க்காது, பந்தையும் எறியாது.

சோதனை எங்கே தவறுகிறது

தவறுகளில் பல வயதுக் கணக்கில் நடக்கின்றன. ‘ரெண்டு வயசு நடக்குது’ என்று ஒரு பாட்டி சொன்னால் குழந்தைக்கு ஒரு வயது முடிந்து இரண்டாவது ஓடுகிறது என்று பொருள். 14 மாதமாக இருக்கலாம். பதிவேட்டில் அது 2 வயது என்று ஏறிவிட்டால் 24 மாதக் குழந்தை செய்ய வேண்டியதை 14 மாதக் குழந்தையிடம் எதிர்பார்ப்போம். தாய்-சேய் நல அட்டையிலோ பிறப்புச் சான்றிதழிலோ தேதியைப் பார்த்து, முடிந்த மாதங்களாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு படி உண்டு. 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முந்தி வந்துவிட்டது. காலண்டர்படி 10 மாதம் என்றால் வளர்ச்சிக்கு 8 மாதம் என்று வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2 வயது வரைக்கும் இப்படிக் கழிக்க வேண்டும். கழிக்காமல் பார்த்தால் நன்றாக இருக்கும் குழந்தைக்கும் சந்தேகச் சீட்டு போகும். ஆனால் தடுப்பூசித் தேதிக்கு இந்தக் கழிவு கிடையாது, காலண்டர் வயதுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு.

அடுத்தது, வாய்ப்பே கிடைக்காததைத் ‘தெரியாது’ என்று எழுதுவது. மாடிப்படி இல்லாத வீட்டுக் குழந்தை கையைப் பிடித்துப் படியேறவில்லை என்றால் அது தாமதமா? அங்கன்வாடி வாசலில் இருக்கும் இரண்டு படியில் ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதலாம். பொம்மையே இல்லாத வீட்டில் பொம்மையின் கண்ணைக் காட்டச் சொன்னால் குழந்தை முழிக்கும். அம்மாவின் மூக்கு எங்கே, உன் வயிறு எங்கே என்று முதலில் விளையாட விட்டுப் பாருங்கள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் என்று இரண்டு மொழி புழங்கினால் இரண்டிலும் தெரிந்த வார்த்தைகளைச் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தாய்மொழியை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் அந்த அறிவுரையை விட்டுவிடலாம்.

விரல் வேலையைப் பார்க்கப் பொரி நல்லது. தொண்டையில் அடைக்கும் வேர்க்கடலை, காசு, மணி வேண்டாம். ஒரு கறுப்புத் துணி அல்லது தட்டின் மேல் ஒரே ஒரு பொரியை வைத்துவிட்டுக் கைகளைக் கவனியுங்கள். 7 மாதத்தில் உள்ளங்கையால் வாரும். 10 மாதத்தை ஒட்டிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி சேரத் தொடங்கும். அடுத்த பொரியை மறுபக்கம் வையுங்கள். ஒரு வயது ஆகும் முன்பே எப்போதும் ஒரே கையைத்தான் நீட்டுகிறது, மறு கை மூடியே இருக்கிறது என்றால் அதைக் கெட்டிக்கார வலக்கைப் பழக்கம் என்று விடக்கூடாது. சும்மா இருக்கும் அந்தக் கையில்தான் பிரச்சினை இருக்கலாம். பெற்றோர் ‘அவன் ரைட் ஹேண்டர்’ என்று மகிழ்ச்சியோடு சொல்லும் இடத்தில் சோதனை செய்யும் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

காது சோதனையில் எதிரில் நின்று தட்டைத் தட்டுவார்கள். குழந்தை கையசைவைப் பார்த்தே திரும்பிவிடும். பின்னால், காது மட்டத்தில், ஒரு முழம் தள்ளி, நிழல் விழாமல், மூச்சுக்காற்று படாமல் கிலுகிலுப்பையை ஆட்ட வேண்டும். கதவை அறைந்தால் திரும்புகிறது, பட்டாசுக்கு அழுகிறது என்பதெல்லாம் காது கேட்கிறது என்பதற்குச் சான்றல்ல. தரையின் அதிர்வும், தாழ்ந்த ஒலியும் கேட்டு, ‘ச’, ‘ப’ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு.

கேள்வித்தாள் வகைச் சோதனைகளில் தவறு வேறு மாதிரி. ஆட்டிசம் இருக்கலாமா என்று பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாளில் 20 கேள்விகள், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு. 17 கேள்விகளுக்கு ‘இல்லை’ என்ற பதில் ஒரு புள்ளி. 2, 5, 12 ஆகிய மூன்றுக்கு மட்டும் ‘ஆம்’ என்பது ஒரு புள்ளி. காது கேட்கவில்லையோ என்று நினைத்ததுண்டா, கண்ணருகே விரல்களை விசித்திரமாக ஆட்டுகிறதா, மிக்சி போன்ற அன்றாடச் சத்தத்துக்குக் கலங்குகிறதா என்பவை அவை. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே போக்கில் எண்ணிவிட்டால் மொத்தமே தப்பு. 0 முதல் 2 வரை என்றால் இப்போதைக்குக் கவலை குறைவு; 2 வயதுக்கு முன் செய்திருந்தால் 2 வயதில் திரும்பச் செய்ய வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மதிப்பீட்டுக்கு. நடுவில் 3 முதல் 7 வரை வந்தால் அந்தக் கேள்விகளை மட்டும் விரிவாகத் திரும்பக் கேட்கும் இரண்டாம் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2014-ல் வெளியான சரிபார்ப்பு ஆய்வில், இரண்டாம் கட்டத்துக்குப் பிறகும் தேறாத குழந்தைகளில் 47.5% பேருக்கு ஆட்டிசம் உறுதியானது. ஏதோ ஒரு வளர்ச்சிக் கவலை என்று பார்த்தால் 95% பேருக்கு இருந்தது. இரண்டாவது முறை பொறுமையாகக் கேட்கும் 10 நிமிடத்தின் மதிப்பு இது.

கேட்கும் விதமும் முக்கியம். ‘விரல் நீட்டிக் காட்டுவானா?’ என்று கேட்டால் அநேகமாக எல்லா அம்மாவும் ‘காட்டுவானே’ என்பார்கள். வேண்டியதை எடுத்துத் தரச் சொல்லிக் காட்டுவது வேறு. நிலாவையோ நாயையோ ‘நீயும் பாரேன்’ என்று காட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. இரண்டாவதுதான் நாம் தேடுவது. ‘மொட்டை மாடியில சோறு ஊட்டும்போது நிலாவைப் பார்த்தா என்ன பண்ணுவான், செஞ்சு காட்டுங்க’ என்று கேட்டால் உண்மை வரும். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பிறகு அம்புலி என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பாடிவைத்த மரபு நம்முடையது. சப்பாணி கொட்டுவதையும் நிலா காட்டுவதையும் பாட்டிமார் இன்றும் கவனிக்கிறார்கள். சோதனை செய்பவர் அவர்களிடமும் கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் வளர்ச்சி அட்டவணைகள் தேவையில்லாத பயத்துக்குப் பெரிய காரணம். சராசரி வயது என்றால் பாதிக் குழந்தைகள் அந்த வயதில் இன்னும் செய்திருக்க மாட்டார்கள் என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் தானாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரவியிருந்தது. கைகால் ஊன்றித் தவழாமலேயே நடந்த குழந்தைகள் 4.3%. ஆகவே 13 மாதத்தில் நடக்கவில்லை என்று தெரபிக்கு ஓட வேண்டாம். ஆனால் 18 மாதம் தாண்டி நடக்கவில்லை என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது. ஆண் குழந்தை என்றால் தசைநோய் இருக்கிறதா என்று பார்க்க சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள். 3 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 5 மாதத்தில் தலை நிற்கவில்லை, 10 மாதத்தில் உட்காரவில்லை, ஒரு வயதில் மழலையும் இல்லை சைகையும் இல்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, 2 வயதில் ‘அம்மா வா’ போன்ற இரண்டு சொல் சேர்க்கை இல்லை என்றால் எந்தச் சோதனைக்கும் காத்திராமல் போகலாம். எந்த வயதிலும், தெரிந்த ஒன்றை மறந்துவிட்டது, பேசிய வார்த்தை நின்றுவிட்டது என்றால் அன்றைக்கே. ‘அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்’ என்ற வாக்கியம் எத்தனையோ குழந்தைகளின் இரண்டு வருடங்களை எடுத்துக்கொண்டிருக்கிறது.

சீட்டு வந்த பிறகு

பேச்சு தாமதம் என்று சீட்டு வந்தால் முதலில் காது. ஸ்பீச் தெரபியைத் தொடங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஓ.ஏ.இ. என்பது காதுக்குள் மெல்லிய ஒலி அனுப்பிப் பார்க்கும், சில நிமிடத்தில் முடியும் எளிய சோதனை. சளி, காதில் நீர் கோத்திருந்தால் காது நன்றாக இருந்தாலும் தேறாது. சளி குணமானதும் திரும்பச் செய்ய வேண்டும். பச்சிளம் குழந்தை ஐ.சி.யு.வில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, நரம்பின் பழுதை அது காட்டாது, ஒலிக்குக் கேள்வி நரம்பு தரும் எதிர்வினையை அளக்கும் பெரா சோதனை வேண்டும். பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். அதில்தான் பல குடும்பங்கள் இரண்டு மூன்று முறை அலைகின்றன. முதல் நாளே தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய், பவுடர், மை எதுவும் வேண்டாம், எலக்ட்ரோடு ஒட்டாது. காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுப்புங்கள், பேருந்தில் தூங்கவிடாதீர்கள். பாலைச் சோதனை அறையின் வாசலில் கொடுங்கள். அப்படியும் தூங்காவிட்டால் மருத்துவமனையில் தூக்க மருந்து தருவார்கள். அதற்குச் சில மணி நேரம் வெறும் வயிறு தேவைப்படலாம் என்பதால் முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது. அந்த மருந்தை வீட்டில் கொடுத்துத் தூங்கவைத்துக் கூட்டிப் போகக் கூடாது.

காதோடு சேர்த்துக் கண், ரத்தசோகை, தைராய்டு. இவை சாதாரணப் பரிசோதனைகள், அரசு மருத்துவமனையில் காசில்லை. இவற்றை விட்டுவிட்டு மரபணுப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் ஆரம்பிப்பது, தேவைப்படும் குழந்தைகளைத் தவிர மற்றவர்களுக்கு வீண் செலவு.

தமிழ்நாட்டில் வழி இதுதான். மத்திய அரசின் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன் நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வருடத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். வரும் தேதி முன்கூட்டியே அங்கன்வாடிக்குத் தெரியும். கேட்டு வைத்துக்கொண்டு அன்று அம்மாவோ பாட்டியோ கூடவே இருங்கள். ஒரு காலைப்பொழுதில் 20, 30 குழந்தைகளைப் பார்க்கும் குழுவுக்கு, வீட்டில் குழந்தை என்ன செய்கிறது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் கூச்சப்படும் குழந்தையும் பேச்சு வராத குழந்தையும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவர்கள் அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். பெரும்பாலும் மாவட்டத் தலைமையிடத்துப் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சு-கேள்விப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர், பல் மருத்துவர் என்று ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டிய மையம் அது. எல்லாப் பணியிடங்களும் எல்லா மாவட்டத்திலும் நிரம்பியிருப்பதில்லை. உளவியலாளர் எந்தக் கிழமை வருவார் என்று போனில் கேட்டுவிட்டுப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அது பயன்படாது. குழந்தையோடு ஒருவர் வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, வாரம் இரண்டு முறை என்றால் மாதத்தில் எட்டு நாள். இந்தச் செலவை எந்த அரசுக் கணக்கும் எழுதுவதில்லை. நடுவில் வருவதை நிறுத்தும் குடும்பங்களை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லும் முன் இந்த எட்டு நாளை நினைக்க வேண்டும்.

முதல் நாள் கொண்டுபோக வேண்டியவை: தாய்-சேய் நல அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, பிறந்த எடை, பிறந்ததும் அழுததா என்ற விவரம், இதுவரை எடுத்த ரிப்போர்ட்டுகள், ஆதார். அதைவிடப் பயனுள்ளது மொபைலில் இரண்டு மூன்று நிமிட வீடியோ. புது இடத்தில் குழந்தை உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும். வீட்டில் எடுத்தது உண்மையைக் காட்டும். போனைக் குறுக்காகப் பிடித்து, குழந்தையின் முகமும் கைகால்களும் தெரியும்படி எடுங்கள். பின்னாலிருந்து பெயர் சொல்லி மூன்று முறை, நடுவில் ஐந்து விநாடி இடைவெளி விட்டுக் கூப்பிடுங்கள். கை தட்ட வேண்டாம், ‘பிஸ்கட் வேணுமா’ என்று சேர்க்க வேண்டாம். பிறகு தானாக விளையாடும் ஒரு நிமிடம், சாப்பிடும் ஒரு நிமிடம். திடீர் திடீரெனத் துள்ளல், உடல் மடங்கிக் குலுங்குவது போல ஏதாவது இருந்தால் அதை எடுத்த அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு அப்படித்தான் இருக்கும், அதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

மையத்தில் நடக்கும் மதிப்பீடு வேறு ரகம். டாசி என்ற இந்திய அளவுகோல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முடிவில் ஒரு எண் வரும். 24 மாதக் குழந்தை 16 மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் 16-ஐ 24-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 67. உடலசைவு, பேச்சு, பழகுதல் போன்ற வளர்ச்சித் துறைகளில் இரண்டிலாவது கணிசமான பின்தங்கல் இருந்தால்தான் பொதுவான வளர்ச்சித் தாமதம் என்பார்கள். 5 வயதுக்குள் இந்த எண் நிலையானதல்ல, அதை ஐ.க்யூ. என்று எழுதிவைத்துக்கொள்ளத் தேவையில்லை. சோதனையில் சந்தேகம் வந்தவுடன் யாரும் ஊனச் சான்றிதழ் கொடுத்துவிட மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பயத்தில் மறைக்கும் குடும்பங்கள் பல. சான்றிதழ் பெற்றோர் விண்ணப்பித்து, மருத்துவக் குழு பார்த்துத் தருவது. தேவைப்படும் குழந்தைக்கு அதனால் உதவித்தொகை, பயணச் சலுகை, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா காப்பீடு என்று வழி திறக்கும். காது கேளாத குழந்தைக்கு 6 வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்காதில் கேட்புக் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. காது சோதனையைத் தள்ளிப்போடாமல் இருக்க அந்த வயது வரம்பு ஒன்றே போதுமான காரணம்.

தனியார் மையங்களில் நல்லவை நிறைய இருக்கின்றன. முன்பணம் கட்டும் முன் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். அடுத்த 3 மாதத்தில் எதை எட்டப்போகிறோம்? ‘கான்சென்ட்ரேஷன் கூடும்’ என்பது இலக்கல்ல. ‘வேண்டியதைக் கையால் காட்டிக் கேட்கும்’ என்பது இலக்கு. அம்மா உள்ளே உட்காரலாமா? கூடாது என்றால் வேறு இடம் பாருங்கள். வாரத்தில் 2 மணி நேரம் தெரபிஸ்டிடமும் மீதி நேரம் உங்களிடமும் இருக்கும் குழந்தை அது, செய்முறை உங்கள் கைக்கு வர வேண்டும். ஒரு வருடப் பேக்கேஜை ஒரே தவணையில் கட்டாதீர்கள். ஸ்டெம் செல், ஹைபர்பேரிக் ஆக்சிஜன், ‘உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கும்’ சிகிச்சை என்று ஆட்டிசத்துக்கு விற்கப்படுபவற்றுக்கு ஆதாரம் இல்லை. சிலவற்றில் ஆபத்து உண்டு. வளர்ச்சிச் சோதனையின் மிகப் பெரிய நட்டம் இந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது, நகையை அடகுவைத்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

நாடுகள் ஒத்துப்போகாத இடம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 9, 18, 30 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் வளர்ச்சிச் சோதனை, 18, 24 மாதங்களில் ஆட்டிசம் சோதனை என்கிறது. கனடாவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-ல் நேர்மாறாகச் சொன்னது: பெற்றோருக்கும் மருத்துவருக்கும் எந்தக் கவலையும் இல்லாத 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்குப் பொதுவான சோதனை வேண்டாம். சோதித்ததால் குழந்தையின் பிற்கால நிலை மேம்பட்டது என்று காட்டும் தரமான ஆய்வு இல்லை என்பது அவர்கள் காரணம். ஃபிலடெல்ஃபியாவில் 30 மாதத்துக்கு உட்பட்ட 2,103 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், வழக்கம்போல் மருத்துவர் பார்த்த பிரிவில் 13% பேரிடம் தாமதம் தெரியவந்தது; சோதனை செய்த இரண்டு பிரிவுகளில் 23%, 27%. சோதனை அதிகம் பேரைக் கண்டுபிடிக்கிறது, சீக்கிரம் கண்டுபிடிக்கிறது, இது உறுதி. ஐந்து வருடம் கழித்து அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. சிறுவயதில் ஒரு ரூபாய் போட்டால் வருடம் 13% திரும்பும் என்று மேடைகளில் சொல்லப்படும் கணக்கு, வட கரோலினாவில் பிறந்ததிலிருந்து 5 வயது வரை நாள் முழுக்கப் பராமரிப்பு கொடுத்த திட்டத்தினுடையது. அதைச் சோதனைத்தாளுக்குப் பொருத்திப் பேசுவது சரியல்ல.

எங்கள் கருத்து இது. கனடாவில் ஒரே குடும்ப மருத்துவர் குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பெற்றோரிடம் பேசி, கவலை இருந்தால் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அந்த அடித்தளத்தின் மேல் கூடுதலாக ஒரு தாள் தேவையில்லை என்று அவர்கள் சொல்லலாம். இங்கே ஓ.பி.யில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம், ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். ‘உங்க குழந்தை எப்படி விளையாடுது?’ என்று ஒரு அம்மாவிடம் யாராவது உட்கார்ந்து கேட்பது இந்தச் சோதனையின்போது மட்டும்தான். அதனால் இங்கே சோதனை வேண்டும். ஆனால் அனுப்ப இடம் இல்லாத ஊரில், அனுப்பினாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய இடத்தில், சீட்டை மட்டும் எழுதிக்கொண்டே போவது குடும்பத்தின் மேல் சுமையை இறக்கிவைப்பதுதான். இலக்கு எண்ணிக்கையைச் சோதித்த குழந்தைகளில் வைக்காமல், அடுத்த படிக்குப் போய்ச் சேர்ந்த குழந்தைகளில் வைத்தால் திட்டத்தின் முகமே மாறும்.

விவாதமே தேவைப்படாத சோதனைகள் மூன்று உண்டு, பிறந்த சில வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டியவை. பிறவித் தைராய்டு குறைவு: பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும், தாமதமானால் இழந்ததை மீட்க முடியாது. மாத்திரையின் விலையோ மிகக் குறைவு. உங்கள் ஆஸ்பத்திரியில் செய்வதில்லை என்றால் டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு எடுங்கள். விழித்திரை: 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும், 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ 1,200 கிராமுக்குக் குறைந்திருந்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே. காது: ஒரு மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் காதுக்கருவி. இவற்றில் தவறான சந்தேகத்தின் விலை ஒரு நாள் அலைச்சல். தவறவிட்டதன் விலை வாழ்நாள்.

காத்திருக்கும் வாரங்களில்

மதிப்பீட்டுக்குத் தேதி கிடைக்க வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் வீட்டில் செய்யக்கூடியவற்றுக்கு நோயின் பெயர் தேவையில்லை, தாமதமே இல்லாத குழந்தைக்கும் அவற்றால் கெடுதல் இல்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்கு 6 மாதத்தில் 12 அமர்வுகள் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தையின் போக்குக்கு இணங்கிப் பேசும் பெற்றோரின் திறன் தெளிவாகக் கூடியது, குழந்தையும் தானாகத் தொடர்புகொள்ளத் தொடங்கியது. நம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் குடும்பத்தைப் பழக்கும் முறையைப் பல வருடமாக நடத்திவருகிறது. அடிப்படை ஒன்றுதான். தரையில் குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். அது எதை எடுக்கிறதோ அதைப் பற்றி ஒரு சொல், இரண்டு சொல்: ‘பந்து’, ‘பந்து போச்சு’. சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை வாயை மூடிக் காத்திருங்கள். அந்த இடைவெளியில்தான் குழந்தையின் முறை வருகிறது. நாம்தான் பொறுக்காமல் நிரப்பிவிடுகிறோம். ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்று தேர்வு வைக்காதீர்கள். வேண்டிய பொருளைக் கண்ணில் படும்படி, கைக்கு எட்டாதபடி வையுங்கள், கேட்க ஒரு காரணம் கிடைக்கும். ஊட்டும்போது போன் வேண்டாம். ஒரு நாளைக்கு 10 நிமிடமாக மூன்று நான்கு தடவை போதும், குளியலும் சோறும் துணி மடிப்பதும் இதற்குள் அடங்கும்.

அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீட்டு எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவை மற்ற அம்மாக்கள் நடுவில் வைத்துச் சொல்லாதீர்கள். தனியாக உட்காரவைத்து, குழந்தை செய்கிற நல்லதில் ஒன்றை முதலில் சொல்லி, பிறகு ‘இந்த ஒரு விஷயத்தை டாக்டர் ஒரு தடவை பார்த்துட்டா நமக்கும் நிம்மதி’ என்று சொல்லுங்கள். ‘மூளை வளர்ச்சி கம்மி’ என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. அதைச் சொல்லும் தகுதி அந்தத் தாளுக்கு இல்லை. எந்தச் செயல் வரவில்லை, எந்த மையம், எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும், போன் நம்பர் எல்லாம் சீட்டிலேயே இருக்கட்டும். அப்பாவிடமோ பாட்டியிடமோ நீங்களே ஒரு வார்த்தை பேசினால் பழி அம்மா தலையில் விழாது. இரண்டு வாரம் கழித்து, ‘போனீங்களாம்மா, என்ன சொன்னாங்க?’ என்று ஒரு போன் செய்யுங்கள். போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்; பெரும்பாலும் பணமாகவோ, கூட வர ஆளில்லாததாகவோ, மையத்தில் அன்றைக்கு டாக்டர் இல்லாததாகவோ இருக்கும். அந்தக் காரணத்தைப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்கு நேரே எழுதி, அடுத்த தேதியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.